சார்ம்ட்: மந்திரமா, அதிர்ஷ்டமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் படிக்கிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், சப்டைட்டில் போடுகிறவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற ஆங்கிலச் சொல் சார்ம்ட். அகராதியைத் திறந்தால் ‘மந்திரத்துக்கு உட்பட்ட’, ‘அதிர்ஷ்டம் வாய்ந்த’, ‘மகிழ்ந்துபோன’ என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத மாதிரி மூன்று பொருள் இருக்கும், எது எங்கே பொருந்தும் என்பது மட்டும் இருக்காது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன், எளிதானவை முதலில்.

சார்ம்ட்னா என்ன அர்த்தம்? சுருக்கமா சொல்லுங்க.

‘மந்திரித்த’. அடிப்படை அவ்வளவுதான். சார்ம் என்ற வினைச்சொல்லின் பழைய பொருள் மந்திரம் ஓதுவது. ஓதி முடித்த பிறகு அந்த ஆளோ பொருளோ இருக்கிற நிலைக்குப் பெயர் சார்ம்ட்.

மற்ற பொருள்கள் இதிலிருந்து கிளைத்தவை. ஓதிய மந்திரம் காவலாக நின்றால் அந்த ஆளுக்கு எதுவும் ஆகாது, வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அதை அதிர்ஷ்டம் என்பார்கள். அதே மந்திரம் மனத்தை இழுத்துப் பிடித்தால் ஆள் சொக்கிப்போவார், அது மகிழ்ச்சி. எல்லாவற்றிலும் மாறாத விஷயம் ஒன்று உண்டு: சார்ம்ட் என்று சொல்லப்படுபவர் எதையும் செய்யவில்லை, அவருக்கு ஏதோ செய்யப்பட்டிருக்கிறது. கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில்.

எப்படி உச்சரிக்கிறது? சார்மெட்னு சொல்லலாமா?

பேச்சில் ஒரே அசை, சார்ம்ட். எழுத்தில் கடைசியில் இ, டி என்று இரண்டு எழுத்து இருந்தாலும் அந்த இ ஒலிக்காது. முதல் எழுத்து ‘பச்சை’யில் வருகிற அழுத்தமான ச, ‘ஷ’ இல்லை. பிரிட்டிஷ் உச்சரிப்பில் ர் காணாமல் போய் சாம்ட் என்றே காதில் விழும், அமெரிக்கர்கள் ர்-ஐத் தெளிவாகச் சொல்வார்கள்.

சார்மெட் என்று இரண்டு அசையாகச் சொல்வது பழைய செய்யுளில் மட்டும்தான். பிரபலமான உதாரணம் மேக்பெத் கேள்வியில் வருகிறது.

சார்மிங், சார்ம்ட் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. சார்மிங் என்பவர் மயக்குகிறவர், சார்ம்ட் என்பவர் மயங்கியவர். ஒரு விருந்தில் இனிக்க இனிக்கப் பேசி எல்லாரையும் கட்டிப்போடுகிறவர் சார்மிங், வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்கள் சார்ம்ட். போரிங், போர்ட் இரண்டையும் மாற்றிப் போட்டு ‘நான் அறுவை’ என்று தெரியாமல் சொல்லிவிடுகிறோமே, அதே குழப்பம்தான். இங்கே மாற்றிச் சொன்னால் தற்பெருமை ஆகிவிடும்.

சார்மிங்குக்கும் தொடக்கத்தில் ‘மந்திரம் செய்கிற’ என்றுதான் பொருள். இனிமையான, கவர்ச்சியான என்ற இன்றைய பொருள் 17ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. இன்று அதில் மந்திர வாடையே இல்லை. சார்ம்டில் இன்னும் இருக்கிறது.

ஒரு வாக்கியத்தில் எந்த அர்த்தம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இடத்தைப் பாருங்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டி நின்றால் பெரும்பாலும் மந்திரம் அல்லது அதிர்ஷ்டம்: சார்ம்ட் லைஃப், சார்ம்ட் எக்ஸிஸ்டன்ஸ், சார்ம்ட் சர்க்கிள், சார்ம்ட் ஸ்வோர்ட். வாக்கியத்தின் பயனிலையாக, அதாவது ‘ஷி வாஸ் சார்ம்ட்’ என்கிற மாதிரி வந்தால் பெரும்பாலும் மகிழ்ச்சி, சொக்கிப்போனது. பின்னால் ‘பை’ வந்தால் கிட்டத்தட்ட உறுதி, எதைப் பார்த்துச் சொக்கினார் என்பது அடுத்த சொல்லிலேயே இருக்கும்.

விதிவிலக்கு இருக்கிறது. ‘சார்ம்ட் ஆடியன்ஸ்’ என்றால் மந்திரித்த ரசிகர்கள் இல்லை, ரசித்துக் கிறங்கிய ரசிகர்கள். மாயாஜாலக் கதை படிக்கிறீர்கள் என்றால் ‘ஹி வாஸ் சார்ம்ட்’ என்பதற்குக்கூட நிஜமாகவே மந்திரம் போட்டுவிட்டார்கள் என்று பொருள் இருக்கலாம், அங்கே கதையைத்தான் நம்ப வேண்டும். இயற்பியல் ஒன்று தனியாக இருக்கிறது, அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

‘சார்ம்ட் லைஃப்’னா சொகுசு வாழ்க்கையா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், பாதி சரி. தொடரின் அசல் பொருளில் சொகுசு கிடையாது, ஆபத்து உண்டு. சாக வேண்டிய இடத்தில் சாகாமல், விழ வேண்டிய இடத்தில் விழாமல் மறுபடி மறுபடி தப்பிக்கிற ஆளைத்தான் ‘லீட்ஸ் எ சார்ம்ட் லைஃப்’ என்பார்கள். கிரிக்கெட் வர்ணனையில் இதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இரண்டு கேட்ச் நழுவி, எல்பிடபிள்யூ அப்பீல் தப்பி, பந்து ஸ்டம்பில் உரசியும் பெயில்ஸ் விழாமல் நிற்கிற பேட்ஸ்மேனைப் பற்றிச் சொல்கிற வாக்கியம் அது. அந்த ஆள் சொகுசாகவா இருக்கிறார்? நடுங்கிக்கொண்டு நிற்கிறார்.

பின்னாளில் இது நீண்டு, எல்லாமே தானாக அமைந்துவிடுகிறவரையும் குறிக்க ஆரம்பித்தது. நல்ல குடும்பம், நல்ல படிப்பு, கேட்காமலே வேலை. இந்தப் பொருளில் சொல்லும்போது சொல்கிறவர் குரலில் கொஞ்சம் பொறாமை இருக்கும். ஒருவரை முகத்துக்கு நேராக ‘யூ லீட் எ சார்ம்ட் லைஃப்’ என்று சொல்வதற்கு முன் யோசியுங்கள், ‘நீ உழைத்து ஒன்றும் வாங்கவில்லை’ என்று அவருக்குக் கேட்கலாம்.

அப்போ லக்கினே சொல்லிட்டுப் போகலாமே?

எல்லா இடத்திலும் முடியாது. லாட்டரியில் ஒருமுறை பரிசு விழுந்தவர் லக்கி. அவரை யாரும் சார்ம்ட் என்று சொல்வதில்லை. அடுத்த வருடமும் விழுந்து, நடுவில் அவர் ஏறத் தவறவிட்ட ரயில் தடம்புரண்டும் போனால், அப்போது சொல்லலாம். லக்கி ஒரு சம்பவத்துக்குப் போதும், சார்ம்ட் என்று சொல்ல ஒரு தொடர்ச்சி வேண்டும். தற்செயல் இத்தனை தடவை நடக்காது, பின்னால் ஏதோ ஒன்று காக்கிறது என்ற சந்தேகம்தான் அந்தச் சொல்லின் உயிர்.

பிறப்பும் வேறு. லக் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் டச்சு, கீழ்ஜெர்மன் பக்கமிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஜெர்மன் மொழியின் க்ளுக் அதற்குச் சொந்தம், அந்தச் சொல்லுக்கு அதிர்ஷ்டம், மகிழ்ச்சி இரண்டும் பொருள். ஆங்கிலத்தின் ஹேப்பியும் ‘ஹேப்’ என்ற அதிர்ஷ்டச் சொல்லிலிருந்து வந்ததுதான், பெர்ஹாப்ஸ், ஹேப்பன் இரண்டிலும் அதே ஹேப் ஒளிந்திருக்கிறது. ஃபார்ச்சுனேட் என்பது ரோமானியர்களின் ஃபார்ச்சுனா தேவதையின் பெயரோடு பிறந்தது. இவை எதிலும் மந்திரம் கிடையாது.

‘சார்ம்ட் லைஃப்’ ஷேக்ஸ்பியர் எழுதினதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

இந்தத் தொடர் இன்றுவரை புழங்குவதற்குக் காரணம் மேக்பெத் நாடகம், அதில் சந்தேகமில்லை. எழுதப்பட்டது ஏறக்குறைய 1606இல், அச்சில் வந்தது 1623இல் வெளியான, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பில். கடைசி அங்கத்தில் மேக்பெத்தும் அவன் எதிரி மக்டஃபும் வாளோடு நேருக்கு நேர் நிற்கிறார்கள். ‘ஐ பேர் எ சார்மெட் லைஃப்’ என்கிறான் மேக்பெத்: என்னுடையது மந்திரக் காவல் போட்ட உயிர், பெண் வயிற்றில் பிறந்த எவனுக்கும் அது பணியாது. சூனியக்காரிகள் வரவழைத்த உருவம் ஒன்று அப்படி வாக்குக் கொடுத்திருந்தது, அந்தத் தைரியம்.

அங்கே சார்மெட் என்று இரண்டு அசையாகப் படித்தால்தான் அடிக்குப் பத்து அசை நிரம்பும், முதலில் சொன்ன உச்சரிப்பு விதிவிலக்கு இதுதான். அப்புறம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாடகம் முழுக்கவே சார்ம் என்ற சொல் வந்துகொண்டிருக்கிறது, முதல் அங்கத்தில் சூனியக்காரிகள் தங்கள் மந்திரம் முடுக்கப்பட்டுவிட்டது என்கிறார்கள், நாலாம் அங்கத்தில் கொப்பரையில் குரங்கு ரத்தத்தை ஊற்றி மந்திரம் உறுதியாகிவிட்டது என்கிறார்கள். ஆகவே மேக்பெத் அதைச் சொல்லும்போது உவமையாகச் சொல்லவில்லை. தனக்கு நிஜமாகவே மந்திரம் போடப்பட்டிருக்கிறது என்று நம்பிச் சொல்கிறான்.

ஆனா மேக்பெத் செத்துடறானே, அப்புறம் எப்படி அது அதிர்ஷ்டம் ஆச்சு?

நல்ல கேள்வி, இதைக் கேட்கிறவர்கள் குறைவு. மக்டஃப் உடனே பதில் சொல்கிறான்: உன் மந்திரத்தின் மேல் நம்பிக்கையை விட்டுவிடு, என்னை என் தாயின் வயிற்றைக் கிழித்துத்தான் வெளியே எடுத்தார்கள். அதாவது ‘பிறக்கவில்லை’. வாக்கில் இருந்த ஓட்டை வழியாக மரணம் உள்ளே வந்துவிடுகிறது.

தொடர் புழக்கத்துக்கு வந்தபோது முன்பாதி மட்டும் ஒட்டிக்கொண்டது, ஆனால் நல்ல எழுத்தாளர் கையில் பின்பாதியும் எட்டிப்பார்க்கும். ‘அதுவரை அவர் சார்ம்ட் லைஃப் வாழ்ந்தார்’ என்று ஒரு வாழ்க்கை வரலாற்றில் படித்தால் அடுத்த பத்தியில் ஏதோ நடக்கப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொல் எங்கேயிருந்து வந்தது? லத்தீனா, பிரெஞ்சா?

லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. லத்தீனில் கார்மென் என்றால் பாட்டு, செய்யுள், வழிபாட்டு வாசகம், மந்திரம் எல்லாமே. அதன் வேர் கனேரே, ‘பாடு’ என்ற வினை. மொழியியலார் ‘கன்மென்’ என்று ஒரு பழைய வடிவத்தை ஊகிக்கிறார்கள், இரண்டு மெல்லினம் நெருங்கியதால் முதலாவது ர் ஆகி கார்மென் ஆனது என்பது அவர்கள் கணக்கு. பழைய பிரெஞ்சில் அது சார்ம் ஆனது.

பிரெஞ்சுக்காரர்கள் இன்று அதை ஷார்ம் என்கிறார்கள், ஆங்கிலேயர்கள் ச் போட்டுச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தின் உச்சரிப்புதான் பழையது. கடன் வாங்கிய காலத்தில் பிரெஞ்சிலும் ச் ஒலிதான் இருந்தது, பிறகு பிரெஞ்சு மாறிக்கொண்டது, ஆங்கிலம் வாங்கியதை அப்படியே வைத்துக்கொண்டது.

அதே ‘பாடு’ வேரிலிருந்து சான்ட், ஆக்சென்ட், இன்சென்டிவ் எல்லாம் வந்திருக்கின்றன. இன்சென்டிவ் என்றால் ‘சுருதி கொடுப்பது’ என்று இருந்தது, இப்போது ஊக்கத்தொகை ஆகிவிட்டது.

பாட்டுக்கும் மந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் காலத்தில் இரண்டையும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. சொன்னபடி, அடி பிசகாமல், ஒரு தாளத்தில் சொன்னால்தான் சொல்லுக்குப் பலிக்கும் சக்தி என்று நம்பினார்கள். ரோமின் பன்னிரண்டு பலகைச் சட்டங்கள், கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, ‘தீய கார்மெனை ஓதியவன்’ என்று ஒரு குற்றவாளியைக் குறிப்பிடுகின்றன. அங்கே கார்மென் பாட்டு இல்லை, சூனியம். ஓதுவதற்கு அந்தச் சட்டம் பயன்படுத்திய வினைதான் இன்கன்டாரே, அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் என்சான்ட் ஆனது. அதற்கும் நேர்ப்பொருள் ‘ஒருவர் மேல் பாடுவது’.

ஆங்கிலத்துக்கு இது வெளியிலிருந்து வந்த எண்ணமும் இல்லை. சார்ம் வருவதற்கு முன் பழைய ஆங்கிலத்தில் மந்திரத்துக்கு கால்டோர் என்று பெயர், அது கலன் என்ற ‘பாடு’ வினையிலிருந்து வந்தது. அந்தக் கலன் இன்று நைட்டிங்கேல் பறவையின் பெயரில் மட்டும் உயிரோடு இருக்கிறது, இரவில் பாடுவது என்று பொருள். ஏறக்குறைய 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு மருத்துவக் கையெழுத்துப் பிரதியில் ஒன்பது மூலிகை மந்திரம் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு மூலிகையின் மேலும் மூன்று தடவை பாடு, நோயாளியின் வாயிலும் இரண்டு காதிலும் புண்ணின் மேலும் பாடு, அப்புறம் மருந்தைப் பூசு என்று அதில் செய்முறையே எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதை இன்று நைன் ஹெர்ப்ஸ் சார்ம் என்கிறார்கள், அந்தத் தலைப்பு பிற்கால அறிஞர்கள் வைத்தது.

கார்மென்ங்கிற பொண்ணு பேரும் இதுதானா?

பார்க்க அப்படித்தான் இருக்கிறது, ஆனால் இல்லை. ஸ்பானியப் பெயரான கார்மென், கார்மல் மலையின் மாதா என்ற மரியாளின் பட்டத்திலிருந்து வந்தது. கார்மல் எபிரேயச் சொல், தோட்டம் என்று பொருள். லத்தீன் பாட்டுச் சொல்லின் சாயல் அதன் வடிவத்தில் படிந்திருக்கலாம், வேர் அது இல்லை.

இதே போல ஏமாற்றுகிற இன்னும் இரண்டு: பிரெஞ்சில் ஷார்ம் என்று ஒரு மரத்துக்கும் பெயர், அது கார்பினஸ் என்ற வேறு லத்தீன் சொல். வயிற்று வாயுவுக்குக் கொடுக்கும் மருந்தை கார்மினேட்டிவ் என்பார்கள், அது கம்பளியைச் சிக்கெடுக்கும் சீப்பைக் குறித்த இன்னொரு லத்தீன் கார்மெனிலிருந்து வந்தது.

பறவைக் கூட்டத்தை ‘எ சார்ம் ஆஃப் கோல்ட்ஃபின்ச்சஸ்’னு சொல்றாங்களே, அழகா இருக்கிறதாலயா?

அழகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இரைச்சலுக்குத்தான் சம்பந்தம். பழைய ஆங்கிலத்தில் கலகலவென்ற ஓசைக்கு ச்சிர்ம் என்கிற மாதிரி ஒரு சொல் இருந்தது, அது உருமாறி சார்ம் என்று ஆகிவிட்டது. ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1667இல் வெளியிட்ட காவியத்தில் விடியற்காலப் பறவைகளின் ‘சார்ம்’ பற்றி எழுதியபோது இந்த ஓசைச் சொல்லைத்தான் பயன்படுத்தினார். மயக்குகிற சார்மும் படிக்கிறவர் காதில் சேர்ந்தே ஒலிக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

லக்கி சார்ம், சார்ம் பிரேஸ்லெட் எல்லாம் எந்தக் கணக்கு?

மந்திரம் முதலில் ஓசையாக இருந்தது. பிறகு அதை ஏற்றிய பொருளுக்கும் அதே பெயர் வந்தது, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சார்ம் என்றால் உடம்பில் அணிகிற தாயத்து என்ற பொருளும் புழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் கடிகாரச் சங்கிலியிலும் காப்பிலும் தொங்கவிடுகிற குட்டி உருவங்களுக்கு அந்தப் பெயர் போனது, அவற்றில் பலவற்றுக்கு எந்தச் சக்தியும் இருப்பதாக யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. அலங்காரம், அவ்வளவுதான்.

குழப்பிக்கொள்ள வேண்டாம்: சார்ம் என்பது காக்கிற பொருள், சார்ம்ட் என்பது காக்கப்படுகிற ஆள். மோதிரம் ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்கலாம், யாரோ மந்திரித்ததால் அது சார்ம்ட், போட்டுக்கொண்டவரைக் காப்பதால் அது சார்ம்.

‘தேர்ட் டைம்ஸ் த சார்ம்’னா மூணாவது தடவை மயங்குவாங்களா?

மூன்றாவது முயற்சி பலிக்கும் என்று பொருள். அமெரிக்கர்கள் இப்படிச் சொல்வார்கள், பிரிட்டனில் அதையே ‘தேர்ட் டைம் லக்கி’ என்பார்கள். ஒரே பழமொழியில் கடலுக்கு ஒரு பக்கம் சார்ம், மறுபக்கம் லக்கி. மேலே இரண்டையும் பிரித்துக் காட்டியிருந்தேன், இந்த இடத்தில் மட்டும் பிரிக்க முடியாது.

‘வர்க்ஸ் லைக் எ சார்ம்’ என்பதும் மந்திரம் மாதிரி சட்டென்று பலிப்பதுதான்.

அறிமுகம் பண்ணும்போது வெறுமனே ‘சார்ம்ட்’னு சொல்றாங்க. அது மரியாதையா, நக்கலா?

ஒரு காலத்தில் மரியாதை. ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்பதன் சுருக்கம், பிரெஞ்சுக்காரர்களின் ஆன்ஷான்ட்டே மாதிரி. 19ஆம் நூற்றாண்டு மேட்டுக்குடி நாகரிகம் அது.

இன்று அதை நேராகச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. பழைய பாணியை வேண்டுமென்றே விளையாட்டாகச் செய்கிறார்கள், அல்லது எரிச்சலை மறைக்கிறார்கள். ‘சார்ம்ட், ஐயாம் ஷுவர்’ என்று ஒருவர் இழுத்துச் சொன்னால் அவருக்கு மகிழ்ச்சி இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். நேர்முகத் தேர்வில் இதைப் பயன்படுத்தாதீர்கள், ‘நைஸ் டு மீட் யூ’ போதும்.

என்சான்டட், பிவிச்ட், ஃபாசினேட்டட், ஸ்பெல்பவுண்ட், எல்லாமே மயங்குறதுதானே? எதை எங்கே போடறது?

எல்லாவற்றுக்கும் பின்னால் மந்திரம் இருக்கிறது, ஆனால் யார் போட்டது, எதற்காக என்பதில் வித்தியாசம். என்சான்டட், சார்ம்டின் சகோதரி, பாட்டிலிருந்தே பிறந்தது, இடங்களுக்கு நன்றாகப் பொருந்தும். காடு, தோட்டம், மாளிகை என்சான்டடாக இருக்கும், சார்ம்டாக இருப்பது அபூர்வம். பிவிச்ட் என்றால் உள்ளே விட்ச், சூனியக்காரி, நிற்கிறாள், ஆகவே கொஞ்சம் ஆபத்தான மயக்கம். காதலில் அறிவு கெட்டுப்போனவரைச் சொல்ல ஏற்றது.

ஸ்பெல்பவுண்டில் இருக்கிற ஸ்பெல், பழைய ஆங்கிலத்தில் கதை, பேச்சு என்றுதான் பொருள்பட்டது. நற்செய்தி நூலைக் குறிக்கும் காஸ்பலின் பின்பாதியும் அந்த ஸ்பெல்தான். 16ஆம் நூற்றாண்டில்தான் அது மந்திரம் ஆனது. அசையாமல் உட்கார்ந்து கேட்கிற கூட்டத்துக்கு இந்தச் சொல். ஃபாசினேட்டட், ரோமானியர்களின் ஃபாசினம் என்ற திருஷ்டிக் காப்போடு தொடர்புள்ளது, இன்று மந்திரமெல்லாம் வடிந்து வெறும் ஆழ்ந்த ஆர்வமாகிவிட்டது. பூச்சிகளைப் பார்த்து ஃபாசினேட்டட் ஆகலாம், சார்ம்ட் ஆக வேண்டுமானால் பூச்சி கொஞ்சம் அழகாக இருக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கிளாமர். கிராமர், அதாவது இலக்கணம், ஸ்காட்லாந்துக்காரர்கள் வாயில் மாறி, மந்திரம் என்ற பொருளில் கிளாமர் ஆனது. படித்தவனுக்கு மந்திரமும் தெரியும் என்ற நம்பிக்கைதான் காரணம். எழுத்தாளர் வால்டர் ஸ்காட் அதை ஆங்கிலத்தில் பரப்பினார்.

பைபிளில் ‘சார்மர்’ கெட்டவங்க மாதிரி வருதே?

ஆமாம், 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் பழைய பொருள்தான். உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் விலக்கப்பட்டவர்களின் பட்டியலில் சார்மர் இருக்கிறார், மந்திரவாதி என்ற பொருளில். 58ஆம் சங்கீதத்தில் எவ்வளவு திறமையாக ஓதினாலும் காதை அடைத்துக்கொள்கிற விரியன் பாம்பு வருகிறது, அங்கே சார்மர் என்பவர் பாம்பாட்டி. ஸ்னேக் சார்மர் என்ற தொடரில் இன்றும் அதே ஆள்தான். கூட்டத்தில் ஒருவரை ‘ரியல் சார்மர்’ என்று இன்று சொன்னால் இனிமையாகப் பேசிக் கவிழ்க்கிறவர், பாராட்டா எச்சரிக்கையா என்பது குரலைப் பொறுத்தது.

‘சார்ம்ட் சர்க்கிள்’?

மந்திரவாதி தன்னைச் சுற்றிப் போட்டுக்கொள்கிற வட்டம், தீய சக்தி உள்ளே வராது. அதிலிருந்து, வெளியாட்கள் நுழைய முடியாத செல்வாக்குள்ள சிறு கூட்டம் என்ற பொருள். 1984இல் அமெரிக்க மானிடவியலாளர் கேல் ரூபின், எந்த வகைப் பாலுறவைச் சமூகம் ‘நல்லது’ என்று ஏற்கிறது, எதை வெளியே தள்ளுகிறது என்று காட்ட ஒரு வரைபடம் போட்டு உள்வட்டத்துக்கு இந்தப் பெயரையே வைத்தார். பாலினப் படிப்புகளில் இந்தத் தொடர் வந்தால் அதைத்தான் சொல்கிறார்கள்.

எதிர்ச்சொல் என்ன? அன்சார்ம்டா?

அன்சார்ம்ட் உண்டு, ஆனால் ‘அவர் பேச்சில் நான் மயங்கவில்லை’ என்கிற அளவுக்குத்தான் வரும். அதிர்ஷ்டத்துக்கு எதிராக வேண்டுமென்றால் ஜின்க்ஸ்ட், கர்ஸ்ட், ஹெக்ஸ்ட். ஜின்க்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க பேஸ்பால் உலகில் பிரபலமான சொல், சூனியத்துக்குப் பயன்படுத்திய ஒரு பறவையின் பெயரோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். ஹெக்ஸ், ஜெர்மன் மொழியில் சூனியக்காரி. கவனித்தால் இவையும் செயப்பாட்டு வடிவங்கள்தான், கெட்டதையும் யாரோ செய்துவைக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் எப்படித்தான் மொழிபெயர்க்கிறது? ‘மயக்கப்பட்ட வாழ்க்கை’னு ஒரு சப்டைட்டில் பார்த்தேன்.

பாவம் அந்த வாழ்க்கை. பொருளைப் பிரித்துக்கொண்டால் தமிழில் நல்ல சொற்கள் கைவசம் இருக்கின்றன. தொடர்ந்து உயிர் தப்புகிறவர் என்றால் ‘அவனுக்கு ஆயுசு கெட்டி’. எல்லாம் தானாக அமைகிறவர் என்றால் ‘கொடுத்துவைத்தவர்’. இது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது, அவர் சம்பாதிக்கவில்லை, வாங்கி வந்தது என்ற நிழல் அதிலும் இருக்கிறது. பொருள் என்றால் ‘மந்திரித்த வாள்’, ‘மந்திரித்த மோதிரம்’. ரசித்துக் கிறங்கியதற்கு ‘சொக்கிப்போனேன்’, ‘மனத்தைப் பறிகொடுத்தேன்’.

மேக்பெத் வரிக்கு மட்டும் ‘ஆயுசு கெட்டி’ போடக்கூடாது. அவன் மந்திரக் காவலைத்தான் சொல்கிறான், அதைத் தளர்த்தினால் மக்டஃபின் பதில் நொண்டும்.

இயற்பியல்ல ‘சார்ம்ட் பார்ட்டிக்கிள்’னு வருதே, அதுல என்ன அதிர்ஷ்டம்?

புரோட்டான் போன்ற துகள்களுக்குள் இருக்கிற அடிப்படைத் துகள்களுக்குப் பெயர் குவார்க். 1964இல் மூன்று வகை குவார்க்குகள்தான் முன்மொழியப்பட்டிருந்தன: அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச். அதே வருடம் ஜேம்ஸ் பியார்க்கனும் ஷெல்டன் கிளாஷோவும் நான்காவது ஒன்று இருக்கலாம் என்று சொல்லி அதற்கு சார்ம் என்று பெயர் வைத்தார்கள். நான்காவது சேர்ந்ததும் கணக்கில் ஒரு சமச்சீர் வந்தது, அது அவர்களைச் சொக்கவைத்தது. அதாவது பெயர் வந்தது மகிழ்ச்சிப் பொருளில். 1970இல் கிளாஷோ, இலியோபுலோஸ், மையானி மூவரும் இந்த நான்காவது குவார்க் இருந்தால்தான் கோட்பாடு எதிர்பார்த்தும் சோதனையில் தென்படாத சில துகள் சிதைவுகள் ஏன் அடங்கியிருக்கின்றன என்று விளக்க முடியும் எனக் காட்டினார்கள். வேண்டாததை விரட்டுகிற தாயத்து வேலையையும் அது செய்துவிட்டது.

1974 நவம்பரில் இரண்டு குழுக்கள், புரூக்ஹேவனில் சாமுவேல் டிங் தலைமையிலும் ஸ்டான்ஃபோர்டில் பர்டன் ரிக்டர் தலைமையிலும், ஒரே துகளைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. டிங் அதை ஜே என்றார், ரிக்டர் சை என்றார், இன்றுவரை ஜே/சை என்றே இரட்டைப் பெயர். 1976இல் இருவருக்கும் நோபல்.

அப்போ ஜே/சை ஒரு சார்ம்ட் பார்ட்டிக்கிள்தானே?

இங்கேதான் மாணவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஜே/சைக்குள் ஒரு சார்ம் குவார்க்கும் அதன் எதிர்த்துகளும் இருக்கின்றன. ஒன்றின் சார்ம் எண் கூட்டல் ஒன்று, மற்றதன் எண் கழித்தல் ஒன்று, மொத்தம் பூஜ்யம். இதை ‘மறைந்த சார்ம்’ என்கிறார்கள். மொத்தம் பூஜ்யம் ஆகாமல் சார்ம் வெளியே தெரிகிற துகளைத்தான் வழக்கமாக சார்ம்ட் என்பார்கள், டி மெசான் அப்படி ஒன்று, 1976இல் கண்டார்கள்.

நான் முதலில் சொன்ன ‘யாரோ செய்ததை வாங்கிக்கொண்டவர்’ விதி இங்கே செல்லாது. இயற்பியலில் சார்ம்ட் என்றால் சார்மை உள்ளே வைத்திருப்பது, யாரும் ஓதவில்லை. அதனால்தான் அங்கே எண்ணவும் முடிகிறது: 2017இல் சர்ன் ஆய்வகத்தின் எல்எச்சிபி சோதனை இரண்டு சார்ம் குவார்க்குகளும் ஒரு அப் குவார்க்கும் கொண்ட துகளைக் கண்டதாக அறிவித்தது, புரோட்டானைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு நிறை. அதை ‘டபிளி சார்ம்ட்’ என்கிறார்கள். மனிதரை அப்படிச் சொல்ல ஆங்கிலத்தில் வழக்கமில்லை.